ஆதியாகமமும் அறிவியலும்: வாலிபர் கூட்டத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வார நாட்களில் மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் கற்பிப்பதும், ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்தபின் கோயில் வளாகத்தில் வாலிபர் கூட்டம் நடத்துவதும் என் வேலைகள். வகுப்பில் வேதாகமத்தைப் பற்றியும் கூட்டத்தில் அறிவியலைப் பற்றியும் கேட்கிறார்கள் என்பதால், இரண்டு இடத்திலும் ஏறக்குறைய ஒரே கேள்விகளுக்குத்தான் பல ஆண்டுகளாகப் பதில் சொல்லிவருகிறேன். அவற்றைக் கேட்டவர்களின் சொற்களிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். வசனங்கள் நம் வீடுகளில் புழங்கும் பழைய மொழிபெயர்ப்பைத் தழுவியவை. பதில்களுக்கு நானே பொறுப்பு. எங்கள் சேகரத்து ஐயருக்கு, அதாவது சபைப் போதகருக்கு, இவற்றில் இரண்டொன்றில் உடன்பாடில்லை என்பதையும் முன்னதாகவே சொல்லிவிடுகிறேன்.

ஆறே நாளில் உலகத்தைப் படைச்சார்னு வேதத்தில் இருக்கே, அதை அப்படியே நம்பணுமா சார்?

முதல் அதிகாரத்தை நிதானமாக வாசித்தால், அந்த அதிகாரமே இக்கேள்வியை எழுப்புவதைக் காணலாம். "சாயங்காலமும் விடியற்காலமுமாகி முதலாம் நாள் ஆயிற்று" என்று சொல்லப்பட்ட பிறகு, சூரியன் நான்காம் நாளில்தான் வருகிறது. சூரியன் இல்லாமல் மாலையும் காலையும் எப்படி வந்தன என்று முதலில் கேட்டவர்கள் நாத்திகர்கள் அல்லர். மூன்றாம் நூற்றாண்டில் ஒரிகேன் கேட்டார். ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அகஸ்தீன் கேட்டார். தேவன் யாவற்றையும் ஒரே கணத்தில் உண்டாக்கினார் என்றும், ஆறு நாள் என்பது நமக்குப் புரியும்படி வரிசைப்படுத்திச் சொன்ன முறை என்றும் அகஸ்தீன் கருதினார். இரண்டாம் அதிகாரம் நான்காம் வசனத்தில் வானமும் பூமியும் உண்டாக்கப்பட்ட காலம் முழுவதுமே ஒரு "நாள்" என்று குறிக்கப்படுவதையும், அந்த அதிகாரத்தில் மனிதனுக்குப் பிறகே மிருகங்கள் உருவாக்கப்படுவதையும் சேர்த்துப் பார்த்தால், எழுதியவர் நாட்குறிப்பு எழுதவில்லை என்பது விளங்கும்.

அந்த அதிகாரத்தின் கட்டமைப்பு வேறு. முதல் மூன்று நாட்களில் இடங்கள் பிரிக்கப்படுகின்றன: ஒளியும் இருளும், வானமும் நீரும், நிலம். அடுத்த மூன்று நாட்களில் அதே வரிசையில் அந்த இடங்கள் நிரப்பப்படுகின்றன: சுடர்கள், பறவைகளும் மீன்களும், மிருகங்களும் மனிதனும். இதில் நான் மாணவர்களுக்கு எப்போதும் காட்டும் ஒரு நுட்பம் உண்டு. சூரியன், சந்திரன் என்ற பெயர்களை அந்த அதிகாரம் சொல்வதே இல்லை. "இரண்டு மகத்தான சுடர்கள்" என்று மட்டும் சொல்லி நகர்ந்துவிடுகிறது. சுற்றியிருந்த பாபிலோனியர்களும் எகிப்தியர்களும் அவற்றைத் தெய்வங்களாக வணங்கிய காலத்தில், அவற்றை ஏற்றிவைத்த விளக்குகள் என்ற நிலைக்கு இறக்கிய எழுத்து அது. ஒன்பது கோள்களுக்கும் சன்னிதி உள்ள ஊரில் வளர்ந்தவர்களுக்கு அந்த வரியின் துணிச்சல் சட்டென்று பிடிபடும்.

பூமிக்கு ஆறாயிரம் வயசுன்னு பிரசங்கத்தில் கேட்டேன். அந்தக் கணக்கு வேதத்தில் எங்கே இருக்கு?

எங்கும் இல்லை. அயர்லாந்தின் ஆர்மா நகரப் பேராயர் ஜேம்ஸ் அஷர், வம்ச வரலாறுகளில் உள்ள வயதுகளைக் கூட்டி, பாபிலோனிய அரசர்களின் காலத்தோடு பொருத்தி, கி.மு. 4004 அக்டோபர் 23 என்ற நாளை 1650இல் வெளியிட்டார். 1701 முதல் ஆங்கில வேதாகமப் பதிப்புகளின் ஓரத்தில் அவருடைய ஆண்டுகள் அச்சாயின. ஓரத்தில் இருந்தது மெல்ல வசனத்தின் மதிப்பைப் பெற்றுவிட்டது.

அஷர் மூடர் அல்லர். தம் காலத்துப் பேரறிஞர்களுள் ஒருவர். ஆனால் அதே வகையான கணக்கைக் கிரேக்க மொழிபெயர்ப்பை வைத்துப் போட்ட கீழைத் திருச்சபையினர் கி.மு. 5509 என்றார்கள்; யூதர்களின் நாட்காட்டி கி.மு. 3761 என்கிறது. பக்தியுள்ள மூன்று கூட்டத்தார் ஒரே வம்சப் பட்டியல்களிலிருந்து 1,700 ஆண்டுக்கும் மேல் வேறுபட்ட விடைகளை எடுத்திருக்கிறார்கள் என்றால், அந்தப் பட்டியல்கள் அந்த வேலைக்கு எழுதப்பட்டவை அல்ல என்று கொள்வதே நேர்மை.

கார்பன் டேட்டிங்கே தப்புன்னு வீடியோ பார்த்தேன். அப்புறம் கோடிக்கணக்கான வருஷம்னு எப்படிச் சொல்றாங்க?

கார்பன் முறையை வைத்து யாரும் கோடி ஆண்டுகளைக் கணக்கிடுவதில்லை. கார்பன்-14 இன் அரைவாழ்வு 5,730 ஆண்டுகள். சுமார் 50,000 ஆண்டுகளுக்கு மேல் அளப்பதற்கு அதில் மிச்சம் இருக்காது. பாறைகளுக்கு வேறு கடிகாரங்கள் உண்டு. யுரேனியம்-238 பாதியாகக் குறைய ஏறக்குறைய 447 கோடி ஆண்டுகளும், பொட்டாசியம்-40 பாதியாகக் குறைய 125 கோடி ஆண்டுகளும் ஆகும். வெவ்வேறு வேகத்தில் ஓடும் இக்கடிகாரங்கள் ஒரே பாறையில் ஒரே வயதைக் காட்டும்போதுதான் அந்த வயது ஏற்கப்படுகிறது. பூமிக்கும் விண்கற்களுக்கும் இவ்வாறு கிடைத்த வயது 454 கோடி ஆண்டுகள். நீங்கள் பார்த்த வீடியோ, மரத்தை அளக்கும் கோலை வைத்து மலையை அளக்க முடியாது என்று நிரூபித்திருக்கிறது. அதை யாரும் மறுக்கவில்லை.

கணக்கைவிடக் கண்ணால் காண்பது நல்லது. திருச்சியில் ஒரு வாலிபர் முகாம் நடந்தபோது, பெரம்பலூர் மாவட்டத்துச் சாத்தனூரில் உள்ள கல்மரத்தைப் பார்க்க இளைஞர்களை அழைத்துச் சென்றேன். 18 மீட்டர் நீளமுள்ள அடிமரம், முழுவதும் கல்லாகி ஓடையோரத்தில் படுத்துக் கிடக்கிறது. பத்துக் கோடி ஆண்டு அளவில் பழமையான அந்த மரம் கடலுக்கு அடித்துவரப்பட்டு, மணலில் புதைந்து, மரத்தின் ஒவ்வோர் இழையிலும் கனிமம் ஏறிக் கல்லானது. அரியலூர்ச் சுண்ணாம்புச் சுரங்கங்களில் கிடைக்கும் சுருள் சுருளான கடலுயிரிகளின் படிவங்களும் அக்காலத்துக் கடலின் மிச்சங்களே. வண்டியில் வரும்போது "எல்லாம் நோவா காலத்து வெள்ளம் சார்" என்று சொல்லிக்கொண்டு வந்த பையன், ஓடைக்கரையில் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிய படிவங்களைத் தொட்டுப் பார்த்தான். ஒவ்வோர் அடுக்கிலும் வேறு வேறு உயிரினங்கள் இருப்பதும், ஒரே வெள்ளம் புரட்டிப் போட்டிருந்தால் அவை கலந்து கிடந்திருக்கும் என்பதும் அவனே கேட்டுப் பெற்ற விளக்கம்.

தேவன் சர்வவல்லவர்தானே? உலகத்தைப் பார்க்கப் பழசு மாதிரியே படைச்சிருக்கலாமே?

இது கூட்டத்தில் எழும் கெட்டிக்காரத்தனமான கேள்விகளுள் ஒன்று, புதியதும் அன்று. 1857இல் இங்கிலாந்தின் இயற்கையாளர் பிலிப் ஹென்றி காஸ், பக்தி மிகுந்த மனிதர், இதையே ஒரு நூலாக எழுதினார். ஆதாமுக்குத் தொப்புள் இருந்திருக்க வேண்டும், முதல் மரங்களுக்கு வளையங்கள் இருந்திருக்க வேண்டும், அதுபோலப் பாறைகளில் படிவங்களும் படைக்கப்பட்டே இருந்தன என்பது அவர் வாதம். நாத்திகர்கள் சிரித்தார்கள். ஆனால் அவர் நண்பரும் ஆங்கிலிக்கன் குருவானவருமான சார்லஸ் கிங்ஸ்லி சொன்ன மறுப்புதான் அவரை நோகச் செய்தது: தேவன் பாறைகளின்மேல் ஒரு பெரும் பொய்யை எழுதிவைத்தார் என்று என்னால் நம்ப முடியாது என்பதே அதன் சாரம்.

இதற்கு வானத்திலிருந்து ஓர் எடுத்துக்காட்டு. 1987 பிப்ரவரியில், ஏறக்குறைய 1,60,000 ஒளியாண்டு தொலைவில் ஒரு விண்மீன் வெடித்த ஒளி நம்மை வந்தடைந்தது; அதற்குச் சில மணி நேரம் முன்னதாக, அதே வெடிப்பிலிருந்து புறப்பட்ட நியூட்ரினோ துகள்கள் ஜப்பானில் நிலத்தடிக் கருவி ஒன்றில் பதிவாயின. உலகுக்கு ஆறாயிரம் வயதுதான், அந்த ஒளி வழியிலேயே படைக்கப்பட்டது என்றால், அந்த விண்மீன் வெடிக்கவே இல்லை; நடக்காத ஒன்றின் படத்தைத் துகள் கணக்குப் பிசகாமல் தேவன் நமக்கு அனுப்பினார் என்றாகும். பொய் சொல்லாதவர் என்று நாம் அறிக்கை செய்யும் தேவன்மேல் இதைச் சுமத்த எனக்கு மனம் வரவில்லை.

பிக் பேங் தியரி கடவுள் இல்லைன்னு சொல்றதுதானே?

அந்தக் கொள்கையின் மூலவர் ஒரு கத்தோலிக்கக் குருவானவர். பெல்ஜியத்தின் ஜார்ஜ் லெமேத்ர், அண்டம் விரிவடைகிறது என்று 1927இலும், அது ஒரு "ஆதி அணு"விலிருந்து தொடங்கியது என்று 1931இலும் எழுதினார். அதை எதிர்த்தவர்களுள் முன்னின்ற பிரெட் ஹாயில், 1949இல் வானொலி உரையொன்றில் அதற்குச் சூட்டிய பெயரே "பிக் பேங்". தொடக்கம் என்று ஒன்று இருப்பது ஆதியாகமத்தின் வாடையடிக்கிறது என்பதே அன்று சிலருடைய குறையாக இருந்தது. இன்று அண்டத்தின் வயது 1,380 கோடி ஆண்டுகள் எனக் கணிக்கப்படுகிறது.

எனக்கு இக்கதையில் மிகவும் பிடித்த பகுதி இனிமேல்தான் வருகிறது. 1951இல் பன்னிரண்டாம் பத்திநாதர் என்னும் போப்பாண்டவர், இக்கொள்கை படைப்பை உறுதிப்படுத்துகிறது என்ற பொருள்பட உரையாற்றினார். லெமேத்ர் மகிழவில்லை; சங்கடப்பட்டார். அறிவியல் கொள்கை நாளை திருத்தப்படலாம், விசுவாசத்தை அதன்மேல் கட்டக்கூடாது என்பது அவர் நிலை. அதன்பின் போப் அவ்வாறு பேசவில்லை. ஆகவே "பிக் பேங் வேதத்தை நிரூபித்துவிட்டது" என்று மேடையில் சொல்கிறவர்களுக்கும் நான் கைதட்டுவதில்லை.

கலிலியோவைச் சபை எரிச்சுக் கொன்னுச்சே, அதுக்கு என்ன சொல்றீங்க?

எரிக்கப்பட்டவர் ஜோர்டானோ புருனோ, ரோமில், 1600இல். கலிலியோ 1633இல் விசாரிக்கப்பட்டு, தம் கருத்தைக் கைவிடுவதாக மண்டியிட்டு வாசிக்க வைக்கப்பட்டு, 1642இல் இறக்கும்வரை வீட்டுக்காவலில் இருந்தார். கொல்லப்படவில்லை என்பதால் அது நியாயமாகிவிடாது. சபை செய்தது தவறு. 1992இல் இரண்டாம் யோவான் பவுல் அதை வெளிப்படையாக ஒப்புக்கொண்டார்.

ஆனால் அது அறிவியலுக்கும் விசுவாசத்துக்கும் நடந்த நேரடிச் சண்டை என்று பாடப்புத்தகச் சுருக்கத்தில் படிப்பது போதாது. பூமி சுற்றுகிறது என்று 1543இல் எழுதிய கோப்பர்நிக்கஸ் ஒரு பேராலயத்தின் பணியாளர். "பூச்சக்கரம் அசையாதபடி" என்ற சங்கீத வசனத்தையும், யோசுவா சூரியனைத் தரித்து நிற்கச் சொன்னதையும் வைத்துக் கலிலியோவை மடக்கியவர்களுக்கு, வேதம் மக்களின் பேச்சு வழக்கில் பேசுகிறது என்று வேதத்திலிருந்தும் அகஸ்தீனிடமிருந்தும் பதில் எழுதியவர் கலிலியோவே. நாமும் இன்றுவரை "சூரியன் உதித்தது" என்றுதான் சொல்கிறோம். வானிலை அறிக்கையும் அப்படித்தான் சொல்கிறது.

ஆணுக்கு ஒரு விலா எலும்பு குறைவுன்னு ஞாயிறு பள்ளியில் சொல்லிக் கொடுத்தாங்களே?

ஆணுக்கும் பெண்ணுக்கும் 12 இணைகள்; எண்ணிப் பார்த்துக்கொள்ளலாம். விபத்தில் விரலை இழந்தவருக்குப் பத்து விரலுடன்தான் பிள்ளை பிறக்கிறது என்பதை நினைத்தாலே, ஆதாமின் கதையிலிருந்து அப்படி ஒரு முடிவு வராது என்பது தெரிந்துவிடும்.

குரங்கிலிருந்து வந்தோம்னு நம்பினா கிறிஸ்தவனா இருக்க முடியுமா?

இன்றைய குரங்குகளிலிருந்து நாம் வந்ததாகப் பரிணாமவியல் சொல்லவில்லை. நமக்கும் சிம்பன்சிக்கும் 60, 70 லட்சம் ஆண்டுகளுக்கு முன் பொது முன்னோர் இருந்தனர் என்கிறது. சான்றுகள் பல, வகுப்பில் நான் ஒன்றைத்தான் வரைந்து காட்டுவேன். சிம்பன்சிக்கு 24 இணை குரோமோசோம்கள், நமக்கு 23. நம்முடைய இரண்டாம் குரோமோசோம், அவற்றின் இரண்டு குரோமோசோம்கள் முனையோடு முனை ஒட்டியதாக இருக்கிறது. குரோமோசோமின் முனையில் மட்டுமே இருக்கவேண்டிய எழுத்துவரிசை நம்முடையதில் நடுவில் கிடக்கிறது, தையல் தழும்பு போல.

கிறிஸ்தவனாக இருக்க முடியுமா என்பதற்கு, இருந்தவர்களைக் காட்டுவதே விடை. டார்வினின் நூல் 1859இல் வந்தபோது அமெரிக்காவில் அதற்கு ஆதரவாக நின்ற தாவரவியலாளர் ஏசா கிரே பக்தியுள்ள பிரெஸ்பிடேரியன். பாரம்பரியத்தின் விதிகளைப் பட்டாணிச் செடியில் கண்ட மெண்டல் துறவி. மனித மரபணுத்தொகுப்பைப் படித்து முடித்த திட்டத்தை வழிநடத்திய பிரான்சிஸ் காலின்ஸ் சுவிசேஷ விசுவாசி. கத்தோலிக்கத் திருச்சபை 1950இல் உடலின் பரிணாமத்தை ஆராயலாம் என்றது. 1996இல் அது வெறும் கருதுகோளுக்கு மேற்பட்டது என்றது.

அப்படின்னா ஏன் நம்ம ஆட்கள் இவ்வளவு எதிர்க்கிறாங்க?

இதன் பெரும்பகுதி அமெரிக்காவிலிருந்து நமக்கு வந்து சேர்ந்த சண்டை என்பது என் கருத்து. 1925 ஜூலையில் டென்னசி மாநிலத்து டேட்டன் என்னும் சிற்றூரில், பரிணாமத்தைக் கற்பித்ததற்காக ஜான் ஸ்கோப்ஸ் என்ற ஆசிரியர்மேல் வழக்கு நடந்து, 100 டாலர் அபராதம் விதிக்கப்பட்டது. அவருக்கு எதிராக வாதாடிய வில்லியம் ஜென்னிங்ஸ் பிரையனே, சாட்சிக் கூண்டில் கேட்கப்பட்டபோது, படைப்பின் நாட்கள் 24 மணி நேர நாட்களாக இருக்கவேண்டியதில்லை என்றார். இன்று அவர் நம்மூர்க் கூட்டங்களில் அதைச் சொன்னால் விசுவாசத்தில் தளர்ந்தவர் என்பார்கள். ஆறாயிரம் ஆண்டுக் கொள்கை அறிவியல் உடை போட்டுக்கொண்டு பரவலானது 1961க்குப் பிறகே. அதன்பின் தமிழில் குரல் கொடுக்கப்பட்ட வீடியோக்களாக நம் கைப்பேசிக்கு வந்தது.

நம்முடைய சொந்த வரலாறு வேறு விதமானது. யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டைக் குருமடத்தில் 1823 முதல் மிஷனரிகள் வேதத்தோடு வானியலும் கற்பித்தார்கள். மானிப்பாயில் மருத்துவர் சாமுவேல் கிரீன் மேலை மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்து, நூல்களைத் தமிழாக்கினார். திருச்சியில் தாவரங்களைச் சேகரித்து ஆராய்ந்த சேசு சபைத் துறவிகளின் தாவரக் காப்பகம் இன்றும் இருக்கிறது. இவர்களைப் பற்றி நம் பிள்ளைகளுக்கு ஒரு வரியும் தெரியாதது எனக்கு வருத்தம்.

டார்வின் சாகும்போது மனந்திரும்பினார்; நாசா யோசுவாவின் காணாமல் போன நாளைக் கண்டுபிடிச்சது. இதெல்லாம் உண்மைதானே?

இரண்டும் உண்மையல்ல. டார்வின் கதை, அவர் இறந்து 33 ஆண்டுகள் கழித்து, 1915இல் ஹோப் சீமாட்டி என்பவர் பேரால் அச்சானது. தந்தையின் மரணப் படுக்கையருகே இருந்த மகள் ஹென்றியெட்டா, அப்படி ஒன்றும் நடக்கவில்லை என்று 1922இல் எழுதினார். நாசா கதை 1970ஐ ஒட்டிப் பரவியது. அதன் முன்வடிவம் நாசா பிறப்பதற்கு முன்பே, 1890இல் அச்சில் இருந்தது. கணிப்பொறி பின்னோக்கிக் கணக்கிட்டு ஒரு நாள் குறைகிறது என்று சொல்ல வேண்டுமானால், அந்த நாளுக்கு முன் சூரியன் எங்கே இருந்தது என்ற தனிப் பதிவு வேண்டும். அப்படிப் பதிவு எதுவும் கிடையாது.

பேராசிரியரை மடக்கிய மாணவன் ஐன்ஸ்டீன் என்ற கதையும் இதே கூடையைச் சேர்ந்தது. ஐன்ஸ்டீன் ஜெபத்தைக் கேட்கும் தேவனை நம்பவில்லை. 1954இல் எழுதிய கடிதத்தில் அதைக் கடுமையாகவே சொல்லியிருக்கிறார். இக்கதைகளைப் பகிர்கிறவர்களின் நோக்கம் நல்லதுதான். ஆனால் விண்மீன்களைப் பற்றித் தெரியாமல் பேசும் கிறிஸ்தவனைக் கேட்கும் புறமதத்தான், பிறகு உயிர்த்தெழுதலைப் பற்றி அவன் சொல்வதை எப்படி நம்புவான் என்று அகஸ்தீன் 1,600 ஆண்டுகளுக்கு முன்பே கவலைப்பட்டார்.

டைனோசர் வேதத்தில் இருக்கா?

இல்லை. யோபு புத்தகத்தின் பிகெமோத்தும் லெவியாதானும் டைனோசர்கள் என்பது ஆசையால் வந்த விளக்கம். அவை அழிந்து 6.6 கோடி ஆண்டுகள் ஆகின்றன. வேதத்தில் கங்காருவும் இல்லை, தேயிலையும் இல்லை. அதைப் பற்றி யாரும் கவலைப்படுவதில்லை.

ஆதார், பார்கோடு, தடுப்பூசி... இதெல்லாம் 666 முத்திரையா?

பெருந்தொற்றுக் காலத்தில் இக்கேள்வியால் ஊசி போடாமல் இருந்த முதியவர்களை நான் அறிவேன் என்பதால் இதற்குச் சற்று விரிவாகவே பதில் சொல்கிறேன். பார்கோட்டின் இரு ஓரத்திலும் நடுவிலும் உள்ள நீண்ட கோடுகள் 6 என்ற எண்ணுக்குரிய கோடுகளைப் போல மேலோட்டமாகத் தெரியும். ஆனால் அவை கருவிக்குத் தொடக்கத்தையும் முடிவையும் காட்டும் எல்லைக் கோடுகள், எண்கள் அல்ல. 6க்குரிய குறியீடு ஏழு அலகு அகலமுடையது. ஓரக் கோடு மூன்றே அலகு.

666 என்ற எண்ணின் பொருளை, அது வரும் வேதத்தின் கடைசிப் புத்தகமான வெளிப்படுத்தின விசேஷமே கணக்கிடச் சொல்கிறது: "அது மனுஷனுடைய இலக்கமாயிருக்கிறது". எபிரெயத்தில் எழுத்துகளுக்கு எண் மதிப்பு உண்டு. "நேரோன் கேசர்" என்பதை எபிரெய எழுத்தில் எழுதினால் 50, 200, 6, 50, 100, 60, 200, கூட்டினால் 666. இலத்தீன் வழக்கின்படி கடைசி "ன்" இல்லாமல் "நேரோ" என்று எழுதினால் 50 குறைந்து 616. பழைய கைப்பிரதிகள் சிலவற்றில் 666க்குப் பதில் 616 என்றே இருக்கிறது. கிறிஸ்தவர்களைத் துன்புறுத்திய பேரரசனைப் பெயர் சொல்லாமல் சுட்டிய எழுத்து அது என்பதே பெரும்பாலான ஆய்வாளர்களின் முடிவு. ரேஷன் கடைக் கருவியில் விரல் வைப்பதற்கு அது எழுதப்படவில்லை.

இயேசுவுக்குக் கல்யாணம் ஆச்சு, சபை மறைச்சிடுச்சுன்னு படத்தில் காட்டினாங்களே?

2003இல் வந்து பின்னர் படமான ஓர் ஆங்கில நாவலிலிருந்து இந்தக் கருத்து பரவியது. பேராயர்கள் கூடிய நிசேயா சங்கத்தில் ரோம அரசன் கான்ஸ்டன்டைன் வாக்கெடுப்பு நடத்தி இயேசுவைத் தெய்வமாக்கி, வேதநூல்களையும் தேர்ந்தெடுத்தான் என்று அது சொல்கிறது. 325இல் கூடிய அச்சங்கம் வேதநூல் பட்டியலைப் பற்றி முடிவெடுக்கவில்லை. இன்றைய 27 நூல்களின் பட்டியல் 367இல் அத்தனாசியுஸ் எழுதிய மடலில் முதலில் காணப்படுகிறது. இயேசுவைத் தெய்வமாகப் பாடும் வழக்கமோ, கிறிஸ்தவர் அல்லாத ரோம ஆளுநர் பிளினி சுமார் 112இல் பேரரசனுக்கு எழுதிய கடிதத்திலேயே பதிவாகியிருக்கிறது. சங்கத்துக்கு இருநூறு ஆண்டு முன்பு.

மனைவியைக் குறிப்பிடுவதாக 2012இல் பரபரப்பாக வெளியிடப்பட்ட பப்பைரஸ் துண்டு, 2016க்குள் போலி என்று தெரிந்தது. அவர் திருமணம் செய்திருந்தால் விசுவாசம் கவிழ்ந்துவிடும் என்பதுமில்லை. பேதுருவுக்கு மாமியார் இருந்ததைச் சுவிசேஷங்கள் மறைக்கவில்லையே.

விசுவாசம் இருந்தா மருந்து எதுக்குன்னு கேட்கிறாங்க. ஜெபம் போதாதா?

எசேக்கியா ராஜா மரணத்துக்கேதுவாய் வியாதிப்பட்டபோது, அவன் ஜெபம் கேட்கப்பட்டது என்று அறிவித்த அதே ஏசாயா தீர்க்கதரிசிதான் அத்திப்பழ அடையைப் பிளவையின்மேல் பற்றுப்போடச் சொன்னார். அடிக்கடி பலவீனப்படும் தீமோத்தேயுவுக்குப் பவுல் கைகளை வைத்து ஜெபிப்பதாக எழுதவில்லை. கொஞ்சம் திராட்சரசம் கூட்டிக்கொள்ளச் சொன்னார். சுவிசேஷம் எழுதிய லூக்கா வைத்தியர்.

வேலூரில் ஐடா ஸ்கடர் 1900இல் ஒரே படுக்கையுடன் தொடங்கியது இன்று என்னவாக நிற்கிறது என்று தமிழர்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. அங்கே பால் பிராண்ட் என்ற அறுவை மருத்துவர், தொழுநோயாளிகளின் விரல்கள் அழுகி உதிர்வதில்லை, உணர்ச்சி அற்றுப்போவதால் தெரியாமல் காயப்பட்டே தேய்கின்றன என்று கண்டு, மடங்கிப்போன கைகளுக்குத் தசைநாண் மாற்றிச் சீரமைத்தார். தொட்டுச் சுகமாக்கியவரைப் பின்பற்றியே அவர் கத்தியை எடுத்தார். மருந்தை நிறுத்தச் சொல்லும் ஊழியரிடம், அவர் கண்ணாடி போட்டிருக்கிறாரா என்று முதலில் பாருங்கள்.

எல்லாரும் ஆதாமின் பிள்ளைகள்னு சொல்றோம். அப்புறம் நம்ம கல்லறைத் தோட்டத்தில் ஏன் நடுவில் சுவர்?

சாதிவாரியாகக் கல்லறைகளைப் பிரிக்கும் சுவரைப் பற்றிய இக்கேள்வியைக் கேட்ட பெண்ணுக்கு அன்று நான் உடனே பதில் சொல்லவில்லை. மேலே உள்ள கேள்விகள் அனைத்திலும் அறிவியலும் வேதமும் மோதுவதாகச் சொல்லப்படுகிறது. இதில் மட்டும் இரண்டும் ஒரே பக்கம் நிற்கின்றன, சபைதான் எதிரே நிற்கிறது. "மனுஷஜாதியான சகல ஜனங்களையும் அவர் ஒரே இரத்தத்தினாலே தோன்றப்பண்ணி" என்று பவுல் ஆத்தேனேயில் பிரசங்கித்தார். இந்தியர்களின் மரபணுவை ஆராய்ந்தவர்கள், இங்குள்ள சமூகங்கள் அனைத்தும் ஏறத்தாழ 1,900 ஆண்டுகளுக்கு முன்வரை விரிவாகக் கலந்தவை, அகமண வேலி அதன் பிறகே இறுகியது என்று 2013இல் காட்டினார்கள்.

கல்கத்தாப் பேராயர் டேனியல் வில்சன் 1833இல், சபைக்குள் சாதி வேற்றுமையை உடனே, முற்றாக விட்டுவிட வேண்டும் என்று ஆணையிட்டார். தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் பலர் சபையை விட்டார்களே தவிர, சாதியை விடவில்லை. நாம் இன்றும் பாடும் கீர்த்தனைகளை எழுதிய வேதநாயக சாஸ்திரியாரே அத்தலைமுறையில் சாதி வழக்கத்துக்கு ஆதரவாக வாதிட்டவர். பரிணாமத்தை மறுத்து மணிக்கணக்காகப் பேசும் மேடைகள் இதைப் பற்றி ஐந்து நிமிடம் பேசுவதில்லை. குரங்கோடு உறவு என்றால் கோபம் வருகிறது. அடுத்த தெருவோடு உறவு என்றாலும் அதே கோபம் வருகிறது.

ஆதாம்னு ஒருத்தர் இல்லைன்னா, பவுல் ரோமர் ஐந்தில் சொல்றது என்ன ஆகும்?

"ஒரே மனுஷனாலே பாவம் உலகத்திலே பிரவேசித்தது" என்கிறார் பவுல். மனித இனத்தின் மரபணு வேறுபாடுகளோ, நம் முன்னோரின் எண்ணிக்கை ஒருபோதும் சில ஆயிரங்களுக்குக் கீழே இறங்கவில்லை என்று காட்டுகின்றன. எனவே மூன்று நிலைப்பாடுகள் இருக்கின்றன. ஆதாம் ஏவாள் என்ற இருவரிடமிருந்தே அனைவரும் வந்தனர் என்பது ஒன்று. ஏற்கெனவே இருந்த மனிதக் கூட்டத்தின் பிரதிநிதியாகத் தேவன் அழைத்த ஒருவரே ஆதாம் என்பது இரண்டாவது. ஆதாம் நம் ஒவ்வொருவரின் உருவகம் என்பது மூன்றாவது.

இரண்டாவதே எனக்கு ஏற்புடையது, ஐயருக்கு முதலாவது. எபிரெயத்தில் "ஆதாம்" என்ற சொல்லுக்கே மனிதன் என்றுதான் பொருள். மண் என்பது "அதாமா". பவுலின் வாதம் இரு தலைவர்களைப் பற்றியது: ஒருவரின் கீழ் நாம் விழுந்தோம், மற்றவரின் கீழ் எழுகிறோம். தலைவன் தன் மக்களுக்காக நிற்பதற்கு அவர்கள் எல்லாருக்கும் பாட்டனாக இருக்கவேண்டியதில்லை. கிறிஸ்துவும் யாருக்கும் பாட்டன் அல்லவே.

இப்படியே போனா, உயிர்த்தெழுதலும் உருவகம்னு சொல்லிடுவீங்களா?

இல்லை. முதல் பதிலில் ஆதியாகமத்தை நாட்குறிப்பாக வாசிக்க வேண்டாம் என்று சொன்னதற்குக் காரணம், அந்த எழுத்தே தன்னை அப்படிக் காட்டிக்கொள்ளவில்லை என்பதுதான். அறிவியலுக்குப் பயந்து அப்படிச் சொல்லவில்லை. அதே அளவுகோலை இங்கும் வைத்துப் பாருங்கள். லூக்கா தம் நூலின் தொடக்கத்திலேயே, கண்ணாரக் கண்டவர்களிடமிருந்து விசாரித்து ஒழுங்காய் எழுதுவதாகச் சொல்கிறார். பவுல், "கிறிஸ்து எழுந்திருக்கவில்லையென்றால், எங்கள் பிரசங்கமும் விருதா" என்று எல்லாவற்றையும் ஒரே நிகழ்ச்சியின்மேல் வைக்கிறார். உருவகத்தின்மேல் யாரும் அப்படிப் பந்தயம் கட்டமாட்டார்கள்.

மரித்தவர் எழுந்திருக்கமாட்டார் என்பது முதல் நூற்றாண்டு மனிதனுக்கும் நன்றாகத் தெரியும். தோமா அதைத்தான் சொன்னார். இயற்கை வழக்கமாக எப்படி நடக்கிறது என்பதை அறிவியல் சொல்லும். வழக்கத்தை மீறி ஒருமுறை நடந்ததாகச் சொல்லப்படுவதைச் சாட்சிகளைக் கொண்டுதான் சோதிக்க முடியும். சிலுவைக்கு இருபத்தைந்து ஆண்டுகளுக்குள் எழுதிய கடிதத்தில் பவுல் சாட்சிகளை வரிசைப்படுத்தி, ஐந்நூறு பேருக்கு மேற்பட்டவர்களில் அநேகர் இந்நாள்வரைக்கும் இருக்கிறார்கள் என்று சேர்க்கிறார். சந்தேகமிருந்தால் போய்க் கேட்டுக்கொள்ளுங்கள் என்பதே அதன் தொனி. உலகம் உண்டானதற்கு வேதம் அப்படி ஒரு சாட்சியையும் நிறுத்துவதில்லை. யோபுவிடம் கர்த்தர் கேட்டது, "நான் பூமியை அஸ்திபாரப்படுத்துகிறபோது நீ எங்கேயிருந்தாய்?" என்பதுதான்.